இறப்பர் முத்திரையைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி (2021): முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் இளைஞர் கழகச் செயலாளர் நான். கடைசியாகப் பொதுக்கூட்டம் வைத்தது 2020 பெப்ரவரியில். பிறகு கொரோனா வந்து கூடவே முடியவில்லை. தலைவர் இந்த வருடம் கட்டாருக்குப் போய்விட்டார். கணக்கில் 46,000 ரூபா இருக்கிறது, எடுக்க வழியில்லை. கூட்டம் வைக்காததால் பதிவு ரத்தாகிவிட்டது, 15,000 ரூபா தந்தால் புதுப்பித்துக் கொரோனா நிதியில் திட்டமும் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கழக முத்திரை, கையெழுத்து வைத்த வெறும் கடிதத்தாள் ஐந்து, உறுப்பினர்களின் அடையாள அட்டைக் கொப்பிகள் கேட்கிறார். கொடுக்கலாமா? வாட்ஸ்அப்பில் கூட்டம் வைத்தால் செல்லுமா? பிள்ளைகள் கரப்பந்து விளையாடக் கேட்கிறார்கள், விடலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் முத்திரை இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் இருந்தால் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மீதியை வாசியுங்கள். அவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள்.

பதிவு ரத்து என்று அவர் சொன்னாரே, கடிதம் காட்டினாரா? தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிந்த கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை அதிகாரி. வழமையாக வருடா வருடம் நடக்கும் புனரமைப்பு, அதாவது பொதுக்கூட்டம் கூடிப் புதிய நிருவாகத்தைத் தெரிவது, உங்களுக்குத் தவறிவிட்டது, அவ்வளவுதான். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அந்த ஒக்டோபரில் இரண்டாவது அலை, அடுத்த சித்திரைப் புத்தாண்டோடு மூன்றாவது, பிறகு 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. இதற்குள் ஒழுங்காகக் கூட்டம் வைத்த கழகம் வன்னியில் எத்தனை என்று காசு கேட்ட அந்த அண்ணையிடம் கேளுங்கள். புனரமைப்பு எப்போது வைக்கலாம் என்று கேட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள். நேரில் போனால் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

அதிகாரி போன் எடுக்கிறாரில்லை என்பீர்கள். தெரியும். ஒருவர் தலையில் ஒரு பிரதேசம் முழுவதையும் கட்டிவிட்டு, நிவாரணப் பட்டியலுக்கும் தனிமைப்படுத்தல் வேலைக்கும் அவரையே அனுப்பினால் அவர் என்ன செய்வார்? கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் சுற்றறிக்கை வரும். அதைத் தமிழாக்கிக் கீழே அனுப்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். எல்லாவற்றையும் சூமில் பேசலாம் என்பார்கள், முத்தையன்கட்டில் குளக்கட்டில் ஏறி நின்று சிக்னல் தேடும் பிள்ளையை அவர்கள் கண்டதில்லை. முப்பது வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இன்னும் கோபம் வருகிறது.

சரி, அந்த அண்ணையின் விஷயம். எங்கள் பக்கத்தில் இந்த ஆட்கள் புதிதில்லை. சண்டை முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் வீட்டுத்திட்டம் எடுத்துத் தருகிறேன் என்று வந்தார்கள், இப்போது கொரோனா நிதி என்கிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் உள்ள வெறும் தாளில் உங்கள் கழகம் கடன் வாங்கியதாக எழுதலாம், முப்பது பேருக்கு உலருணவு கொடுத்ததாக எழுதலாம். அடையாள அட்டைக் கொப்பி முப்பது இருந்தால் பெயர்ப்பட்டியலும் தயார். வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரரிடம் இப்படி ஒரு கழகத்தின் பெயரில் காசு கேட்டு, அதைத் தன் கணக்கில் வாங்கிய ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாலை போட்ட போட்டோவும் அனுப்பியிருந்தார். கழகப் பிள்ளைகளுக்கு அது தெரிய வந்தது எட்டு மாதம் கழித்து, கனடாவிலிருந்து ஒருவர் கணக்குக் கேட்டபோது. கணக்குக் காட்டச் சொல்லி அலைந்தது அந்தப் பிள்ளைகள்தான், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

புனரமைப்புக்கு இடைத்தரகர் தேவையில்லை. அலுவலகத்துக்குக் கட்ட வேண்டிய காசு ஏதாவது இருந்தால் அலுவலகம் பற்றுச்சீட்டுத் தரும். பற்றுச்சீட்டு இல்லாத 15,000 ரூபாவுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதேபோல வெளிநாட்டு உதவி எது வந்தாலும் கழகக் கணக்கில் வரட்டும், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறும் உண்டியலில் வேண்டாம். உண்டியலில் வந்த காசை எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள்?

இனி வங்கிக் காசு. இதை மெதுவாகச் சொல்கிறேன், எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். கணக்குத் திறந்தபோது யார் யார் கையெழுத்திடலாம் என்று வங்கியில் ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவராவது இருவர் என்று அதில் இருந்தால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நீங்களும் பொருளாளரும் போய் எடுக்கலாம். வீணாகத்தான் இத்தனை மாதம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தலைவரும் பொருளாளரும் கட்டாயம் என்று இருந்தால் கணக்கில் தலைவரின் கையெழுத்தை மாற்றியே ஆக வேண்டும். அவர் விலகுவதானால் விலகல் கடிதத்தைக் கையால் எழுதி, கையெழுத்து வைத்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை வங்கி முகாமையாளர் பெரும்பாலும் ஏற்கமாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. விலகல் கடிதம் வராவிட்டால்? பொதுக்கூட்டம் கூடி, தலைவர் நாட்டில் இல்லாததால் இன்னாரைத் தெரிவு செய்கிறோம், கணக்கில் இன்னாரின் கையெழுத்தை நீக்கி இன்னாருடையதைச் சேர்க்கிறோம் என்று இரண்டு தீர்மானம் எழுதுங்கள். வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இளைஞர் சேவை அதிகாரி அதை உறுதிப்படுத்திக் கடிதம் தந்தால் வங்கியில் வேலை சுலபம். தலைவர் லீவில் வந்துபோகிறவர், விலக விருப்பமில்லை என்றால் அவர் தலைவராகவே இருக்கட்டும், கையெழுத்தை மட்டும் உபதலைவருக்கு மாற்றுங்கள். அதற்கும் தீர்மானம் வேண்டும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அடுத்த முறை ஒருவர் வெளிநாடு போகும்போது பணம் மீளப்பெறும் படிவங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள். வசதி என்று நினைத்து அப்படி வாங்கிவைத்த கழகத்தில், படிவம் மூன்று இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதை யார் நிரப்பினார் என்று கடைசிவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே வாட்ஸ்அப் கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிட்டது. நிருவாகக் குழு பேசுவதற்கு அது போதும். உங்கள் குழு ஏழெட்டுப் பேர்தானே, வாட்ஸ்அப் குழு அழைப்பில் எல்லோரும் சேரலாம். சூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், டேட்டாவையும் குடித்துவிடும். மற்ற உறுப்பினர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள், சிக்னல் கிடைக்கிற நேரத்தில் கேட்பார்கள். பேசிய அன்றே கூட்டறிக்கையைக் கையால் எழுதுங்கள். ஆனால் புதிய நிருவாகத் தெரிவையும் வங்கித் தீர்மானத்தையும் ஆட்கள் நேரில் கூடித்தான் செய்ய வேண்டும். இப்போது ஊரடங்கு எடுத்துவிட்டார்கள், பொதுநோக்கு மண்டபத்து முற்றத்தில் மரத்துக்குக் கீழே வையுங்கள். எத்தனை பேர் கூடலாம் என்பதை நான் எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது அது மாறியிருக்கும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு, அவர் சொன்ன எண்ணிக்கைக்குள் நில்லுங்கள். இந்த 2021 கொரோனாக் காலத்தில் முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் வேண்டும். வெள்ளைக்காரன் 1897 இல் எழுதிய தனிமைப்படுத்தல் சட்டம்தான் இன்றும் ஓடுகிறது, மீறினால் 10,000 ரூபா வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது. கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் கூடினால் சிவில் உடையில் யாராவது வந்து பெயர் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழமைதானே.

கரப்பந்துக்கும் அதே பரிசோதகரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் விளையாடட்டும், வெளியூர் அணியைக் கூப்பிட்டுச் சுற்றுப்போட்டி வைக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் வந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்தக் கொப்பிதான் மற்ற வீடுகளைக் காப்பாற்றும். கொப்பி இல்லாவிட்டால் மைதானப் பக்கம் எட்டிப் பார்த்தவனையும் சேர்த்துத் தனிமைப்படுத்துவார்கள்.

அந்த அண்ணை மறுபடி போன் எடுத்தால் கோபப்பட வேண்டாம். தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த அலுவலகத்தில் எந்த நிதி என்பதை எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச்சொல்லுங்கள், அதிகாரியிடம் காட்டிவிட்டு யோசிக்கிறோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு நின்றுவிடும்.