குளிசையை நிப்பாட்டியதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும்

அம்மா, உங்களுக்கு விசர் பிடிக்கவில்லை. வைத்தியரான எனக்கு எழுதிய ஆறு பக்கக் கடிதத்தில் நீங்கள் கேட்க நினைத்தது இந்த ஒன்றைத்தான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னேரம் நாலரைக்குப் படலை திறபடுகிற சத்தமும், சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றுகிற சத்தமும் உங்களுக்குக் கேட்கிறது. எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பை எடுக்கிறீர்கள். பிறகு ஒன்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கிறீர்கள். 38 வருடம் அந்தச் சத்தத்துக்குப் பழகிய காது, உங்கள் கணவர் இறந்து 5 மாதத்தில் அதை மறக்காது.

1971 இல் வேல்ஸ் நாட்டில் ரீஸ் என்றொரு வைத்தியர், கணவனை அல்லது மனைவியை இழந்த 293 பேரை விசாரித்து எழுதியிருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்தவர்கள். குரலைக் கேட்டவர்களும் ஆளைக் கண்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் அதை ஒருவருக்கும் சொல்லாமலே வைத்திருந்தார்கள். நீங்கள் எழுதியாவது இருக்கிறீர்கள், நல்லது. அவருடைய குரல் கேட்டு, அது "வா" என்று உங்களைக் கூப்பிட்டால், அல்லது ஏதாவது செய்யச் சொல்லி ஏவினால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சைக்கிள் சத்தத்துக்கு மருந்து வேண்டாம்.

திறப்பை வைத்த இடம் மறப்பது, தலைமயிர் கொட்டுவது, கோயிலுக்குப் போக மனம் வராதது, இவை மூன்றையும் இப்போதைக்கு விடுங்கள். நெஞ்சு அடைப்பதற்கு இரண்டு தரம் ஈசீஜி எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நடக்கும்போது நோவு வந்து வேர்த்தால், அல்லது நோவு கைக்கோ தாடைக்கோ இழுத்தால், 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்றப்படி மூன்றாவது ஈசீஜி தேவையில்லை.

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய வீடியோவில் துக்கத்துக்கு ஐந்து படி என்றும், நீங்கள் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டீர்கள் என்றும் சொல்கிறார்களாம். எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. அந்த ஐந்தையும் 1969 இல் எலிசபெத் கியூப்ளர் ரோஸ் எழுதியது, தாங்களே சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. இருக்கிறவர்களின் துக்கத்தை அளப்பதற்கு அல்ல. துக்கம் ஏணியில் ஏறுவதில்லை. காலையில் சிரித்துப் பேசிவிட்டு, மத்தியானம் அவருடைய சாரத்தை மடிக்கும்போது விழுந்து அழுவீர்கள். அழுங்கள். "அழுதால் அவரின்ர ஆத்மா சாந்தியடையாது" என்று சொல்கிற உறவுக்காரருக்கு, டொக்டர் அழச் சொன்னவர் என்று சொல்லுங்கள். எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தவர்கள்தானே.

இனி, ஐந்தாம் பக்கத்துக் கடைசி வரி. "சீனி, பிரஷர் குளிசையளை நிப்பாட்டிப் போட்டன், இனி ஆருக்காகப் போடுறது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் தலைமயிருக்குத் தாவிவிட்டீர்கள். அந்த வரியை நான் நாலைந்து தரம் வாசித்தேன்.

முன்பொருமுறை கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். மாதம் தவறாமல் வருகிறவர், கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறவர். கிளினிக் கொப்பியை எடுக்கப் பையைத் திறந்தபோது 4 மாதக் குளிசைகள் ஆஸ்பத்திரிக் கடதாசிப் பைகளோடு பிரிக்காமல் கிடந்தன. வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், ஒன்றும் போடவில்லை. அவருடைய மகன் இறந்து அப்போது 4 மாதம். சாக வேண்டும் என்று அவர் வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பைதான் சொன்னது. அன்றிலிருந்து செத்தவீடு நடந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் "குளிசை போடுறீங்களோ, காட்டுங்கோ" என்பதுதான் நான் முதலில் கேட்பது.

ஆகவே உங்களிடமும் நேராகவே கேட்கிறேன். இருந்து என்ன பிரயோசனம், அவரோடு போய்ச் சேர்ந்தால் நல்லது என்று நினைப்பு வருகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பயப்படுவார்கள். கிளப்பாது. கேட்டால்தான் ஆட்கள் சொல்கிறார்கள். உங்கள் மகனும் வீடியோ அனுப்புவதை விட்டுவிட்டு, இதைப் போனில் வாய்விட்டுக் கேட்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா தந்த நித்திரைக் குளிசை இரண்டு அட்டை கைவசம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அதை உங்கள் தங்கச்சியிடம் கொடுத்து, அவருடைய வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். 62 வயதில் அந்தக் குளிசையைப் போட்டு இரவில் எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பது அன்பு என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். அது ஆபத்து. 3 கிழமையாக அதை நாள்தோறும் போட்டிருந்தால், எப்படி நிறுத்துவது என்பதையும் வைத்தியரே சொல்லட்டும்.

சீனி வருத்தத்துக்கான குளிசையைப் பழைய அளவில் நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். ஒரு நேரம்தான் சாப்பிடுகிறீர்கள் என்கிறீர்கள். அந்தச் சாப்பாட்டுக்குச் சில குளிசைகள் சீனியை அளவுக்கு மீறி இறக்கி ஆளை மயக்கிவிடும். இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குப் போய்ச் சீனியும் பிரஷரும் பாருங்கள். நீங்கள் துக்கம் என்று நினைக்கிற களைப்பில் ஒரு பங்கு, ஏறிக் கிடக்கிற சீனியாக இருக்கலாம். பிரஷர் ஏறுவதோ வெளியில் தெரியாது, பாரிசவாதத்தில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் தெரியும்.

போகிற இடத்தில், குளிசையை ஏன் நிப்பாட்டினீர்கள் என்ற காரணத்தையும் எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள். அவர்கள் மனநல வைத்தியரிடம் அனுப்பினால் மறுக்காமல் போங்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. மனநோய்க்கு வைத்தியம் பார்த்த மந்திகை ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லியே ஆட்களைப் பகிடி பண்ணின ஊர் எங்களுடையது. அந்தப் பகிடியால் எத்தனையோ பேர் பிந்தி வந்தார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 1926 க்குப் போன் எடுங்கள், எந்த நேரமும் ஆள் இருக்கும்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் வீடு கொள்ளாத சனம். கீரிமலையில் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு எல்லாரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் செத்தவீட்டையே போனில்தான் பார்த்தார்கள். 31 ஆம் நாளுக்குப் பிறகுதான் உங்களுக்கு உண்மையான துக்கம் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் தங்கச்சியை அட்டையை வாங்க மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு மாதத்துக்காவது இரவில் உங்களோடு வந்து படுக்கச் சொல்லுங்கள். பின்னேரம் நாலரைக்கு அந்த இரண்டாவது கோப்பையை அவருக்குக் கொடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற குளிசை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சீனி எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.