மூன்று நாள் ஆள் வரவில்லை என்றால்...

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், பர்மிங்காமில், ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். தினமும் காலையில் சிலர் வந்து அவள் எதிரிலேயே பச்சையாக ஏதோ மருந்து குடித்துவிட்டுப் போகிறார்களாம். ஹெராயின் பழக்கத்துக்கு வைத்தியமாம். போதைக்குப் போதையையே கொடுப்பது என்ன வைத்தியம்? இதில் சோஷியல் வொர்க்கர் ஒருவர் வேறு அடிக்கடி போன் பண்ணுகிறாராம். அவருக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு அம்மா, ஸ்ரீரங்கம்

பதில்: அது மெத்தடோன், அம்மா. நானும் அந்த ஊரில் கவுன்ட்டருக்குப் பின்னால் பல வருஷம் நின்றவன்தான். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், மூக்கு ஒழுகும், வயிறு பிரளும், உடனே அடுத்த பொட்டலத்துக்குக் காசு தேடி ஓட வேண்டும். மெத்தடோன் ஒரு தடவை குடித்தால் ஒரு நாள் தாங்கும், அளவு சரியாக இருந்தால் கிறக்கமும் வராது. உடம்பு அதை நம்பித்தான் இருக்கும், அந்த வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஓட்டம் நின்றால்தான் ஆள் வேலைக்குப் போக முடியும், பிள்ளையை ஸ்கூலில் விட முடியும்.

எதிரில் குடிக்கச் சொல்வது வெளியே கொண்டுபோய் விற்காமல் இருக்க. குடித்ததும் ஒரு கப் தண்ணீர் கொடுத்து இரண்டு வார்த்தை பேச வைப்போம், வாயில் அடக்கி வைத்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிஷத்தில் தெரியும் மற்ற விஷயங்கள்தான் முக்கியம் என்பேன். டாக்டர் பார்ப்பது எப்போதோ ஒரு முறை, உங்கள் மகள் பார்ப்பது தினமும். நேற்றைய சட்டையே இன்றைக்கும், கையில் புது ஊசித் தழும்பு, காலையிலேயே சாராய வாடை (மெத்தடோனோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம், அன்றைக்கு டாக்டரைக் கேட்காமல் மருந்து தர மாட்டார்கள்) என்று எல்லாம் முதலில் அவள் கண்ணில்தான் படும். பார்த்ததை யாரிடம் சொல்வது?

அதற்குத்தான் அந்த போன். அங்கே அவரை ‘கீ வொர்க்கர்’ என்பார்கள், எல்லாரும் பட்டம் வாங்கிய சமூகப் பணியாளர் இல்லை, ஆனால் வேலை அதுதான்: வீடு, உதவித்தொகை, கோர்ட், குழந்தை யாரிடம் இருப்பது. தொடர்ந்து மூன்று நாள் ஒருவர் வரவில்லை என்றால் நான்காம் நாள் பழைய அளவைக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே நடைமுறை. இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், போன வாரம் ஒன்றும் செய்யாத அதே அளவு இந்த வாரம் உயிரை எடுக்கலாம். பார்மசிஸ்ட் மருந்தை நிறுத்திவிட்டு மருந்து எழுதித் தந்த மையத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு தச்சர் எங்கள் கடைக்குத் தினம் ஒன்பதரைக்கு டாண் என்று வருவார். இரண்டு நாள் ஆளைக் காணோம். விதிப்படி இன்னும் ஒரு நாள் இருந்தாலும் மனசு கேட்காமல் கீ வொர்க்கருக்குப் போன் போட்டேன். வாடகை பாக்கிக்காக அறையை விட்டு வெளியேற்றியிருக்கிறார்கள், மனுஷன் வேறு ஊரில் நண்பர் வீட்டு சோபாவில் கிடக்கிறார். கீ வொர்க்கர் ஒரு விடுதியில் இடம் பிடித்து, டாக்டரிடமும் பேசி, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிக்க வைத்தார். நான் என்னதான் அளந்து ஊற்றினாலும் அவருக்குப் படுக்க ஒரு இடம் வாங்கித் தந்திருக்க முடியாது.

ரகசியம் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். யார் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று ஆரம்பத்திலேயே நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

கேள்வி: திண்டுக்கல் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். காலேஜ் பசங்கள் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்டு வருகிறார்கள். இல்லை என்று அனுப்பிவிடுகிறேன். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?
- பெயர் வேண்டாம்

பதில்: அனுப்பியதே நல்ல காரியம். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது, எச்1 பதிவேட்டை (இந்த மாதிரி மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் நோட்டு) 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு இருக்கிற குறை வேறு. போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மையங்கள் இருக்கின்றன, அங்கே மெத்தடோன் மாதிரியே ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் புப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரைகிற வரை நர்ஸ் பார்ப்பார், வராதவரைத் தேடிக் களப்பணியாளர் போவார். அதே ஜோடி வேலைதான், ஆனால் அந்தக் கணக்கில் தெருமுனை மெடிக்கல் இல்லவே இல்லை.

அதனால் நீங்களாகத்தான் செய்துகொள்ள வேண்டும். ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்து மறுவாழ்வு மையத்துக்கோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ போய் அங்கே இருக்கும் கவுன்சிலரை நேரில் பார்த்து நம்பர் வாங்கி வாருங்கள். 14446 என்ற இலவச உதவி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருங்கள். நாலு பேர் முன்னால் பையனைத் திட்ட வேண்டாம், அடுத்த தடவை வேறு கடைக்குப் போவான், அவ்வளவுதான். அப்புறம், எவனாவது கண் சொருகி, மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து கடை வாசலில் சாய்ந்தால் எதையும் விசாரிக்காமல் முதலில் 108.