மறுபடிகமாக்கல் என்றால் என்ன? வெறுமனே வடிகட்டினால் போதாதா?

தூய்மையற்ற திண்மத்தைச் சூடான கரைப்பானில் கரைத்து, மெதுவாக ஆறவிட்டு, மீண்டும் படிகமாகப் பிரித்தெடுப்பதே மறுபடிகமாக்கல்.

எடுத்துக்காட்டாக, 100 மி.லி. நீரில் பென்சோயிக் அமிலம் என்ற திண்மம் கொதிநிலையில் சுமார் 5.6 கிராம் கரையும். 25 டிகிரி செல்சியசில் 0.34 கிராம்தான். ஆறும்போது மிச்சம் படிகமாகிறது. மாசு கொஞ்சமே இருப்பதால் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. படிகம் வளர்வது செங்கல் சுவர் எழுப்புவது போல: வடிவம் மாறிய கல் வரிசையில் பொருந்தாது. சூடான கரைசலை அப்படியே பனிக்கட்டியில் வைத்தால் அந்தக் கல்லும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

5 கிராம் அமிலத்துக்குக் கணக்குப்படி 90 மி.லி. கொதிநீர் போதும். ஆனால் வடிகட்டும்போது சூடு இறங்கும், 110 முதல் 120 மி.லி. வரை எடுப்பதே நல்லது. அதற்கும் மேல் ஊற்றினால் விளைச்சல், அதாவது கிடைக்கும் படிகத்தின் அளவு, குறையும். கரையாத தூசியை நீக்க, மடிப்புகளிட்ட வடிதாளில் சூடாகவே வடிகட்டுங்கள். புனலை முன்பே சூடாக்காவிட்டால் அதன் தண்டிலேயே படிகம் உருவாகி அடைத்துவிடும் (பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்). ஆறியும் படிகம் வரவில்லையா? கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டுங்கள். அறைவெப்பநிலைக்கு வந்தபின் பனிக்கட்டி நீரில் வைத்து, உறிஞ்சி (புனலுக்குக் கீழே காற்றை இழுத்து) வடிகட்டி, மிகக் குளிர்ந்த நீர் சிறிதளவு விட்டுக் கழுவி உலர்த்துங்கள். உருகுநிலை 122 டிகிரிக்கு அருகில் கூர்மையாக, அதாவது ஓரிரு டிகிரிக்குள் முழுதும் உருகும்படி, அமைந்தால் சரி.

வடிதாள்தான் சுத்தம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கரைந்த மாசு தாளின் வழியே தாராளமாகப் போய்விடும், அதை ஒதுக்குவது படிகத்தின் வளர்ச்சிதான்.