பறவைக் காய்ச்சலும் நம் செல்லின் புரதங்களும்

கேள்வி: கோழிப் பண்ணைகளைக் கூண்டோடு அழிக்கிற பறவைக் காய்ச்சல் மனிதர்களை அரிதாகவே தாக்குவது ஏன்? வைரஸ் பெருகுவதற்கு நம் செல்லின் புரதங்களே உதவுகின்றன என்றால், அவற்றைத் தடுத்து நோயையும் தடுக்கலாமே?
– உயிரியல் ஆசிரியை ஒருவர்

பதில்: பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுயன்சா ஏ வைரஸிடம் இருப்பவை எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ.வும், ஒரு கையளவு புரதங்களும்தாம். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதனிடம் கிடையாது. ஆகவே, செல்லின் மேல் ஒட்டிக்கொள்வது முதல் புதிய வைரஸ்கள் வெளியேறுவது வரை, ஒவ்வொரு கட்டத்திலும் அது செல்லின் கையை எதிர்பார்த்தே நிற்கிறது.

உட்கருவுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். புரதம் தயாரிப்பதற்கான செய்தியாக நம் செல் எழுதும் ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வின் தலையிலும் ஒரு வேதியியல் தொப்பி உண்டு; அதைக் கொண்டே ரைபோசோம் அந்த ஆர்.என்.ஏ.வை அடையாளம் காண்கிறது. தொப்பி செய்யத் தெரியாத வைரஸின் பாலிமரேஸ் (ஆர்.என்.ஏ.வை எழுதும்) நொதி, நம் செல்லின் பாலிமரேஸ் நொதியைப் பற்றிக்கொண்டு, அது அப்போதுதான் எழுதத் தொடங்கிய தூது ஆர்.என்.ஏ.வைத் தொப்பியோடு 10 முதல் 13 எழுத்து நீளத்துக்கு நறுக்கி எடுத்து, அதையே தன் தூது ஆர்.என்.ஏ.வுக்குத் தொடக்கமாக வைத்து மேற்கொண்டு எழுதுகிறது. 2018-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற பலோக்சவிர் மருந்து தடுப்பது இந்த நறுக்கலைத்தான்.

தங்கள் முதல் கேள்விக்கான விடை இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. (பறவைக்கும் மனிதருக்கும் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் செல்லின் ஏற்பிகள் வேறுபடுவதும் ஒரு தடையே, அதைத் தாங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள்.) வைரஸ் தன் மரபணுத் தொகுதியைப் படியெடுக்க ஏஎன்பி32ஏ என்னும் செல் புரதம் தேவை. பெரும்பாலான பறவைகளில் இந்தப் புரதத்தின் நடுவே 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக உள்ளன. மனிதரிடம் அவை இல்லை. பறவைப் புரதத்துக்குப் பழகிய பாலிமரேஸ், குட்டையான நம் புரதத்தோடு சரியாக இணைய முடியாமல் தடுமாறுகிறது. வைரஸ் பாலிமரேஸின் ஒரு பகுதியான பிபி2 புரதத்தில் 627-ஆம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம், லைசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாறினால் அந்தத் தடுமாற்றம் நீங்கிவிடும். இந்த ஒற்றை மாற்றத்தின் முக்கியத்துவம் 1993-இலேயே தெரிந்திருந்தும், அதன் பின்னணியில் இருப்பது ஏஎன்பி32ஏ என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டியது 2016-இல்தான். பறவைக் காய்ச்சல் மனிதரிடம் காணப்படும்போதெல்லாம் ஆய்வகங்கள் முதலில் 627-ஆம் இடத்தைத் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

இனி, தடுக்கலாமா என்ற கேள்வி. எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனம் உள்ளிட்ட ஆய்வுக் குழுவினர், ஏஎன்பி32ஏ மரபணுவைச் சற்றே திருத்திக் கோழிகளை வளர்த்து, முடிவுகளை 2023-இல் வெளியிட்டார்கள். வழக்கமான அளவில் வைரஸ் செலுத்தப்பட்ட 10 கோழிகளில் 9 தப்பின. ஆனால் அளவை மிகவும் கூட்டியபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அவற்றிலிருந்த வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு, அதே குடும்பத்தின் ஏஎன்பி32பி, ஏஎன்பி32இ ஆகிய புரதங்களையும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. மூன்றையும் நீக்கிய கோழிச் செல்களில் மட்டுமே வைரஸ் பெருகவில்லை.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்னும் நொதி. வைரஸ் செல்லில் ஒட்டி உள்ளே நுழையப் பயன்படும் ஹீமக்ளூட்டினின் என்னும் மேற்பரப்புப் புரதத்தை வெட்டித் தயார்ப்படுத்துவது அதுதான். அந்த நொதி இல்லாமல் பிறந்த எலிகள் நலமாக வாழ்ந்ததோடு, எச்1என்1, எச்7என்9 ஆகிய இன்ஃபுளுயன்சா ஏ வகை வைரஸ்களால் கடும் நோய்க்கும் ஆளாகவில்லை. ஆயினும், கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் கொடிய எச்5என்1 வைரஸுக்கு இந்த நொதி கட்டாயமில்லை. உடலின் எல்லா உறுப்புகளிலும் உள்ள ஃபியூரின் என்னும் நொதியே அதன் ஹீமக்ளூட்டினினை வெட்டிக் கொடுத்துவிடும். ஃபியூரினை அடியோடு நீக்கவும் வழியில்லை. அது இல்லாத எலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன.