ரத்தக்கட்டி பழையதா, புதியதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. சில மாதங்களுக்கு முன் இடது தொடைச் சிரையில் ரத்தம் உறைந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கடைசி ஸ்கேனில் கட்டி கொஞ்சம் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது அதே கால் மறுபடி வீங்குகிறது. கட்டி எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் இருக்கிறதாமே, எடுக்கலாமா?

பதில்: முதலில் அம்மாவை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது எலாஸ்டோகிராபி. புதிய கட்டியில் பெரும்பாலும் சிவப்பணுக்களும், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும்தான் இருக்கும், அழுத்தினால் அமுங்கும். வாரங்கள் போகப் போக அது சுருங்கி, கொலாஜன் என்ற நார்ப்புரதம் சேர்ந்து, சிரையின் சுவரோடு ஒட்டி இறுகிவிடும். இந்த இறுக்கத்தைத்தான் அளக்கிறார்கள். தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபிலிருந்து போகும் வலுவான ஒலித்துடிப்பு ஒன்று திசுவை மிக மிக லேசாகத் தள்ளும். அதனால் எழும் அதிர்வு பக்கவாட்டில் பரவும், நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில். ஸ்கேன் ஒலியின் வேகமோ நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். அதனால்தான் அந்த அதிர்வை இயந்திரத்தால் துரத்திப் படம்பிடிக்க முடிகிறது. திசு கெட்டியாக இருந்தால் அதிர்வு வேகமாக ஓடும்: நொடிக்கு 1 மீட்டர் என்றால் இறுக்கம் ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் (இறுக்கத்தை அளக்கும் அலகு), 3 மீட்டர் என்றால் 27 கிலோபாஸ்கல்.

கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க இது ஏற்கெனவே நன்றாகப் பயன்படுகிறது. கால் சிரை விஷயம் வேறு. கல்லீரல் பெரிய உறுப்பு. சிரைக்குள் இருக்கும் கட்டியோ சின்னது, ஒரே கட்டியில் ஒரு முனை பழசாகவும் மறுமுனை புதிதாகவும் இருக்கலாம். புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே எண் மாறிவிடும். ‘இதற்கு மேல் போனால் பழையது’ என்று எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது. ஆராய்ச்சியில் நம்பிக்கை தருகிறது, சரி. அதை வைத்து மட்டும் உங்கள் அம்மாவின் சிகிச்சையை நான் முடிவு செய்யமாட்டேன்.

அதைவிட உபயோகமானது உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: பழைய ஸ்கேன் ரிப்போர்ட். தொடை இடுக்கில் புரோபை வைத்து அமுக்கும்போது தமனி வட்டமாகவே நிற்கும், பக்கத்தில் நல்ல சிரை தட்டையாகி மறைந்துவிடும். கட்டி உள்ள சிரை மறையாது. அமுக்கிய நிலையில் அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று முன்பே குறித்திருந்தால், இப்போது 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் புதிதாக உறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். முன்பு அமுங்கிய இடம் இப்போது அமுங்காவிட்டாலும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் ‘கட்டி உள்ளது’ என்று மட்டும் எழுதி, அளவைக் குறிக்காமல் விட்டால் எங்களுக்கே எரிச்சல்தான்! இந்த முறை அளவைக் கேட்டு வாங்குங்கள்.

புதுக்கட்டி இல்லை என்றால், முதல் முறை ரத்தம் உறைந்தபோது சிரையின் வால்வுகள் (ரத்தம் கீழே திரும்பாமல் தடுப்பவை) பழுதானதே வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். அந்த வீக்கம் சாயங்காலம் கூடும், கால்களை உயர்த்தி வைத்தால் குறையும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைப்பது உடம்பின் வேலை. ஆகவே ஸ்கேனில் மிச்சம் தெரிவதாலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது. நடுவில் மாத்திரை விட்டுப்போன நாட்கள் உண்டா என்று அம்மாவிடம் கேட்டு, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.