கண்டித்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. சட்டை லேபிள் உரசினாலே கழற்றி எறிகிறான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நகம் வெட்ட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொழகொழவென்று எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் கணவர். கண்டிப்பாக இருந்தால் மாறுவானா?

பதில்: மாறமாட்டான், பயம்தான் கூடும். போட்டிருக்கிற துணி உரசுவதையும் ஃபேன் சத்தத்தையும் நம் மூளை கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடும், நமக்கு அது நினைவிலேயே இருக்காது. சில குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை, அந்த லேபிள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுத்தில் குத்திக்கொண்டே இருக்கும். பள்ளியில் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டு வீட்டு வாசலை மிதித்ததும் வெடித்து அழுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். இதெல்லாம் இந்தக் காலத்து அம்மாக்களின் கற்பனை என்று யாராவது சொன்னால், ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுக்கிற சிகிச்சையாளர்) 1972லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார் என்று சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை நகம் வெட்டுவது அவர் பொறுப்பு. குளித்த கையோடு வெட்டினால் நகம் மெத்தென்று இருக்கும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு விரல் நுனியையும் பிடித்து நன்றாக அழுத்திவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு லேசாகப் படுகிற தொடுதல்தான் கூசும், அழுத்தமான தொடுதல் இதமாக இருக்கும். எந்த விரல் முதலில் என்பதைப் பையனே சொல்லட்டும். இன்றைக்கு இரண்டு விரலோடு நின்றாலும் பரவாயில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து விரலையும் முடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

லேபிளைக் கத்தரிக்காதீர்கள், ஓரத்தில் நிற்கிற துண்டு இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுசாக எடுங்கள். மிக்ஸி போடுவதற்கு முன் சொல்லுங்கள், அவன் வேறு அறைக்குப் போக விரும்பினால் போகட்டும், அப்புறம் ஒருநாள் சுவிட்சை அவனே போடட்டும். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அவனை அதிகமாக உலுக்குகிறது. கூட்டமான இடங்களில் சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோன் மாட்டலாம், நாள் முழுக்க வேண்டாம், அமைதிக்கே பழகிவிட்டால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன்: ஊட்டித் திணிக்காதீர்கள், அவனுக்குப் பிடித்ததற்குள் பிடிக்காததை ஒளித்தும் வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டான் என்றால் இதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும் நிறுத்திவிடுவான், அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது ரொம்பக் கஷ்டம். புதியதைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வையுங்கள். இன்றைக்குப் பார்த்தான், இன்னொரு நாள் முகர்ந்தான் என்றால் அதுவும் முன்னேற்றம்தான். சாதாரணக் குழந்தைகளே பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில உணவுகளை வாயில் வைப்பார்கள், இவனுக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். தட்டைப் பார்த்து எதுவும் பேசாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம், ஆனால் அதைச் செய்துதான் ஆக வேண்டும்.

இது ஆட்டிசமோ என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பீர்கள். தொடுதலும் சத்தமும் இப்படித் தாங்க முடியாமல் போவது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்று என்பது உண்மை, ஆனால் இது மட்டும் இருப்பதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆட்டிசம் இல்லாத குழந்தைகள் பலருக்கும் இது உண்டு. பேச்சு, மற்ற குழந்தைகளோடு விளையாட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, இவற்றில் ஏதாவது இடித்தாலோ, எடை குறைந்தாலோ, சாப்பிடுகிற வகைகள் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தாலோ தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை ஒருமுறை பார்ப்பது நல்லது. போகும் முன் ஒரு வாரம், எதற்கு அழுதான், எந்த நேரத்தில், அடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள், அங்கே போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.