ஸ்கேன் அறைக்குப் போகும் முன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது, மணமாகவில்லை. சில மாதங்களாக மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்லி கேகே மகளிர் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். கருவியைப் பிறப்புறுப்புக்குள் வைத்து ஸ்கேன் எடுப்பார்களாம். கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. நான் யாருடனும் உறவு கொண்டதில்லை. அம்மாவோ, "கல்யாணமாகாத பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்கிறார். தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டேன். ரத்து செய்துவிடலாமா?

வி.

அன்புள்ள வி.,

ரத்து செய்யாதீர்கள். உறவு கொண்டதில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா? முதலில் சொல்ல வேண்டியது அங்கேதான். அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கும் ஸ்கேனைத்தான் முதலில் செய்வார்கள். அதற்கு நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போக வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளுவதால் கருப்பை திரையில் தெரியும். அதில் தெளிவு போதாவிட்டால் எம்ஆர்ஐ போன்ற வேறு வழிகள் உண்டு. எது வேண்டும் என்பதை உங்களிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் எதையும் உள்ளே வைக்க முடியாது.

உள்வழி ஸ்கேனே வேண்டும் என்றாலும் அது நீங்கள் நினைப்பதுபோல் இருக்காது. கருவி கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமன், முனை மழுங்கியிருக்கும். மேலே புதிய உறை மாட்டி, ஜெல் தடவுவார்கள். சில சென்டிமீட்டர்தான் உள்ளே போகும். கதிர்வீச்சு கிடையாது, ஒலி அலைதான். இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். சினைப்பையைப் பார்க்கக் கருவியைப் பக்கவாட்டில் சாய்க்கும்போது ஓர் அழுத்தம் தெரியும். வலித்தால் உடனே சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

என் நாத்தனாருக்குத் துணையாக ஒரு முறை போயிருந்தேன். மங்கிய விளக்கு, இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி. அவர் தொடைகள் நடுங்கியதைப் பார்த்த ஸ்கேன் எடுக்கும் பெண், கருவியை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் பிறகு பிடித்துக்கொள்கிறேன்" என்றார். நாத்தனார் இரண்டு கை முஷ்டிகளையும் இடுப்புக்கடியில் வைத்து உயர்த்திக்கொண்டார், வாயால் நீளமாக மூச்சு விட்டார், அந்த மூச்சோடு உள்ளே வைத்துவிட்டார். கேட்டால் இப்படிச் செய்ய விடுவார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

நமக்குப் பயம் கருவி மேல் இருப்பதைவிட, ஆடை களைந்து படுத்தபின் வாய் திறக்க முடியாமல் போய்விடுமோ என்பதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நல்ல பிள்ளையாக அடங்கிக் கிடக்கவே நாம் பழக்கப்பட்டவர்கள். அதனால் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: "எனக்கு முதல் முறை. பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்." பேச்சு வராவிட்டால் தாளை நீட்டிவிடலாம்.

அம்மாவின் கவலை கன்னித்தன்மை பற்றியது. பிறப்புறுப்பின் வாயிலில் உள்ள கன்னிச்சவ்வு கிழிந்துவிடுமோ என்று பயப்படுகிறார். மாதவிடாய் ரத்தம் வெளியேற அந்தச் சவ்வில் இயல்பாகவே திறப்பு உண்டு. ஒரு பெண் உறவு கொண்டவளா என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் 2018இல் அத்தகைய சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று அறிவித்துவிட்டன. அம்மாவிடம் ஸ்கேனைப் பற்றி வாதாடாதீர்கள். "எனக்கு ரத்தம் குறைஞ்சிருக்கும்மா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது" என்று உடம்புக்கு இருப்பதைச் சொல்லுங்கள். மகளின் உடம்பு என்றால் அவர் மனம் இளகும். காரணம் கருப்பையில் வரும் சாதாரணக் கட்டியாக இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் பார்க்காமல் விட்டால் ஒவ்வொரு மாதமும் ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு யாராவது அத்துமீறியதால் இந்த அச்சம் என்றால், நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. "பழைய கசப்பான அனுபவம் இருக்கிறது" என்றால் போதும். இங்கே சிங்கப்பூரில், பெண்களுக்கான அவேர் (AWARE) அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையத்தில் மனநல ஆலோசனையும் பெறலாம்.

வி., நாளைக்கே அழைத்துப் புதுத் தேதி வாங்குங்கள். பெண் ஊழியர் வேண்டும் என்று அப்போதே கேளுங்கள், துணைக்கு ஒருவர் உள்ளே வரலாமா என்றும் கேளுங்கள். கூட வர யாரும் இல்லையென்றால் தேதியை எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா